பால் எடையும் ரப்பர் எடையும்: 1969 பினாங்குத் தேர்தல் தரும் பாடம்



பால்மரக் காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். விடியலில் வெட்டிய பாலை வாளியில் சுமந்து வந்து நிறுவைக்கு வைக்கிறோம். தராசு ஓர் எடையைக் காட்டுகிறது. ஆனால் அந்த எடைக்கு அப்படியே கூலி கிடைப்பதில்லை. கிராணி அதிலிருந்து சிறிது பாலை எடுத்துச் சோதித்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிடுகிறார். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். வாளி நிறைந்திருந்தும் ரப்பர் குறைவாக இருக்கும் நாட்கள் உண்டு.

தேர்தல் காலத்தில் நம் லயத்து வாசலுக்கு வந்து சேரும் வாக்குறுதிகளும் இப்படித்தான். அவற்றுக்கும் இரண்டு எடைகள் இருக்கின்றன. வேட்பாளர் என்ன செய்வதாகச் சொல்கிறார் என்பது பால் எடை. சொன்னதைச் செய்ய அவர் உட்காரப் போகும் மன்றத்திற்கு அதிகாரம் இருக்கிறதா என்பது ரப்பர் எடை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குக் கற்றுத் தந்த ஒரு தேர்தல் பினாங்கு மாநிலத்தில் நடந்தது. 1969ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் நடந்த அந்தத் தேர்தலின் கதையை இன்று காண்போம்.

முதலில் அதற்கு முந்திய வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துக்கொள்வோம். மலாயாவிலேயே முதன்முதலாக மக்கள் வாக்களித்து ஆட்களைத் தேர்ந்தெடுத்த ஊர் பினாங்கின் ஜார்ஜ்டவுன்தான். 1951 டிசம்பர் 1ஆம் நாள் அங்கு நகராட்சித் தேர்தல் நடந்தது. ஒன்பது இடங்களில் ஆறினை ரேடிக்கல் கட்சி என்னும் உள்ளூர்க் கட்சி வென்றது. 1957 தொடக்கத்தில் ஜார்ஜ்டவுன் மாநகரமாக உயர்ந்தபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த ஒரு தமிழர். டி. எஸ். இராமநாதன் என்பது அவர் பெயர். ஸ்காட் சாலை என்று முன்பு அழைக்கப்பட்ட சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் இந்த ஊராட்சித் தேர்தல்களுக்கு ஆயுள் நீளவில்லை. 1965இல் இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய வேளையில் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜார்ஜ்டவுன் மாநகராட்சியின் பொறுப்புகள் மாநில முதலமைச்சரின் கைக்கு மாறின. 1969இல் பினாங்கு மக்கள் வாக்குச் சாவடிக்குச் சென்றபோது, தங்கள் தெருவையும் சாக்கடையையும் கவனிக்கும் மன்றத்திற்கு ஆள் அனுப்பும் உரிமை அவர்களிடம் இல்லை. மாநிலச் சட்டமன்றத்திற்கு ஒரு சீட்டும் நாடாளுமன்றத்திற்கு ஒரு சீட்டும் மட்டுமே அவர்கள் கையில் இருந்தன.

அன்று மக்களின் மனத்தில் இருந்த குறைகள் யாவை?

முதலாவது வேலை. ஆங்கிலேயர் 1786இல் பினாங்கில் காலூன்றிய காலம் முதல் அந்தத் தீவு தீர்வையில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. மூட்டை சுமந்தவர், கிடங்கில் கணக்கு எழுதியவர், கடை வைத்திருந்தவர் எல்லாரும் அந்த வாணிபத்தை நம்பியே வாழ்ந்தனர். அந்தச் சலுகை சிறிது சிறிதாகக் குறைந்து, 1969இல் இல்லாமலே போயிற்று. அக்காலத்தில் பினாங்கில் வேலை தேடியோரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை.

இரண்டாவது பணத்தின் மதிப்பு. 1967 நவம்பரில் பிரிட்டன் தன் பவுன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. நம் நாட்டில் அப்போதுதான் புதிய நோட்டுகள் வந்திருந்தன. பழைய நோட்டுகள் பவுனோடு கட்டுண்டிருந்ததால், ஒரு வெள்ளி 85 காசாகச் சுருங்கிற்று. பெட்டிக்குள் பழைய நோட்டாக 100 வெள்ளி சேர்த்து வைத்திருந்த குடும்பம் ஒரே நாளில் 15 வெள்ளியை இழந்தது. வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகளுக்கே அடி பலமாக விழுந்தது. பினாங்கில் இதை எதிர்த்து நடந்த கடையடைப்பு கலவரமாக முடிந்ததையும் வரலாறு பதிந்திருக்கிறது.

மூன்றாவது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு லயமும் ஆயாக் கொட்டகையும் பள்ளிக்கூடமும் சுமையாகத் தெரிந்தன. வேலையோடு வீட்டையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் எத்தனையோ.

நான்காவது குடியுரிமை. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும், உரிய தாள் இல்லாததால் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்தவர்கள் தோட்டங்களில் நிறைய இருந்தனர். 1968இல் நிறைவேறிய சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது. பல்லாயிரவர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினர். தந்தை ஒரு கரையிலும் பிள்ளைகள் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. இந்தத் துயரம் அனுபவித்தவர்களுக்கு வாக்குச் சீட்டும் கிடையாது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நீலக் கார்டு வைத்திருந்தவர்கள் வாக்களித்தார்கள்.

இனி, வாக்குக் கேட்டு வந்த கட்சிகளைப் பார்ப்போம்.

ஆளுங்கட்சியாக இருந்தது அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி. 1957 முதல் பினாங்கின் முதலமைச்சராக இருந்த வோங் பாவ் நீ, புக்கிட் மெர்தாஜத்துக்காரர், ஆசிரியராக இருந்தவர். இனங்களின் தலைவர்கள் கூடிப் பேசி விட்டுக்கொடுத்துப் போவதே நாட்டுக்குப் பாதுகாப்பு என்பது கூட்டணியின் வாதம். சுதந்திரம் பெற்றுத் தந்ததையும், பள்ளி, சாலை, மருந்தகம் கட்டியதையும் அது எடுத்துச் சொன்னது. தொழில் துறையில் காட்டுவதற்கும் அதனிடம் சில இருந்தன. பட்டர்வொர்த் அருகே மாக் மண்டின் தொழிற்பேட்டை அதன் ஆட்சியில் உருவானது. பிறையில் மலாயாவாத்தா இரும்பாலை எழுந்தது. அதன் உலைக்கு நம் தோட்டங்களில் வெட்டிச் சாய்த்த கிழட்டுப் பால்மரங்களின் கரிதான் எரிபொருளாயிற்று. தோட்டத் துண்டாடலுக்கு மருந்தாக ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தையும் கூட்டணியினர் சுட்டிக் காட்டலாம். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கிய சங்கம் அது.

கூட்டணியை எதிர்த்து நின்றவற்றுள் பினாங்கில் வலிமை மிக்கது கெராக்கான். 1968 மார்ச்சில்தான் பிறந்த கட்சி. டாக்டர் லிம் சோங் இயூ, டாக்டர் டான் சீ கூன், பேராசிரியர் சையத் ஹுசேன் அலாத்தாஸ், வீ. வீரப்பன் ஆகியோர் அதன் தொடக்கத் தலைவர்களுள் சிலர். ஓர் இனத்துக்கென்று இராமல் எல்லா இனத்தாருக்கும் பொதுவாக நிற்பதே தன் கொள்கை என்றது அது. துறைமுக வாணிபம் தளர்ந்ததற்கும் இளைஞர் வேலையின்றித் திரிவதற்கும் கூட்டணி அரசு விடை காணவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. ஊராட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்றும் அது கேட்டது.

ஜனநாயக செயல் கட்சி ஜனநாயக சோசலிசம் பேசியது. மலேசியர் மலேசியா என்பது அதன் முழக்கம். குடிமக்களுக்குள் பிறப்பின் பேரால் பிரிவு கூடாது, மொழிகளும் பண்பாடுகளும் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்றது. தமிழ்ப் பள்ளியின் எதிர்காலம் பற்றிக் கவலை கொண்டிருந்தோரை இந்தப் பேச்சு ஈர்த்ததில் வியப்பில்லை. பார்ட்டி ராக்யாட் உழவரையும் உழைப்பாளரையும் முன்வைத்த சோசலிசக் கட்சி. பழைய தொழிற்கட்சியோ, தன் தலைவர்கள் பலர் தடுப்புக் காவலில் இருந்த நிலையில், தேர்தலையே புறக்கணித்தது.

நேயர்களே, கட்சிகள் சொன்னவற்றைக் கேட்டோம். இது வாளியில் உள்ள பால். இனி ரப்பரைத் தேடுவோம்.

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மத்திய அரசின் வேலைகள் எவை, மாநில அரசின் வேலைகள் எவை என்று தனித்தனியே பட்டியல் போடப்பட்டுள்ளது. குடியுரிமை, கல்வி, தொழிலாளர் சட்டம், சுங்கத் தீர்வை, மருத்துவம், நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை மத்திய அரசுக்கு உரியவை. நிலம், காடு, ஊராட்சி ஆகியவை மாநில அரசுக்கு உரியவை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1969ஆம் ஆண்டின் வாக்குறுதிகளைப் பார்த்தால் பல சங்கதிகள் விளங்குகின்றன.

தீர்வையில்லாத் துறைமுகம் சுங்கத்தைச் சேர்ந்தது. சட்டமன்றத்தில் 24 இடங்களையும் வென்றாலும் மாநில அரசு தன் விருப்பப்படி அதை மீட்க முடியாது. பெர்மிட்டும் குடியுரிமையும் அவ்வாறே. ஒரு சட்டமன்ற வேட்பாளர் அதைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், வென்ற பிறகு அவர் பாரம் நிரப்பித் தரலாம், மனு எழுதித் தரலாம். சட்டத்தை மாற்ற முடியாது. அதற்கு நாடாளுமன்றச் சீட்டைத்தான் நாம் பயன்படுத்த வேண்டும். தமிழ்ப் பள்ளியிலும் இரு பங்கு உண்டு. ஆசிரியரும் பாடத் திட்டமும் மத்திய அரசின் பொறுப்பு. பள்ளிக்கு வேண்டிய நிலத்தைப் பொறுத்தவரை மாநில அரசின் கை இருக்கிறது.

தோட்ட நிலம் பற்றிய கேள்வியை மாநில வேட்பாளரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். நிலத்தின் தன்மையை மாற்றவும், பிரிக்கவும், கட்டடம் எழுப்பவும் அனுமதி தருவது மாநில அரசின் நில இலாகா. தோட்டத்தைத் துண்டாடி விற்பதற்கு மாநில அளவிலான வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற விதியும் பிற்பாடு தேசிய நிலச் சட்டத்தில் சேர்ந்தது. நம் லயம் இருக்குமா போகுமா என்பதைத் தீர்மானிக்கும் கையெழுத்து பெரும்பாலும் மாநில அலுவலகத்தில் விழுகிறது. ஆனால் குடியுரிமையும் மொழியும் மேடையை நிறைக்கும் இடத்தில் நிலத்தைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போய்விடுவது இயல்பு.

இனி முடிவுக்கு வருவோம். 24 சட்டமன்ற இடங்களில் கெராக்கான் 16, கூட்டணி 4, ஜனநாயக செயல் கட்சி 3, பார்ட்டி ராக்யாட் 1 என வெற்றி பெற்றன. பன்னிரண்டு ஆண்டு ஆட்சி ஒரே நாளில் மாறிற்று. டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். தோட்டங்கள் நிறைந்த தெற்குச் செபராங் பிறையின் நாடாளுமன்றத் தொகுதியில் வீ. வீரப்பன் வென்றார். ஆனால் வெற்றிக் களிப்பு நீடிக்கவில்லை. மே 13ஆம் நாள் கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை.

வாக்குறுதிகள் என்ன ஆயின?

வேலை என்னும் வாக்குறுதி பெருமளவு நிறைவேறியது. அது எவ்வாறு நிறைவேறியது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. 1969 நவம்பரில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. இன்டெல் போன்ற வெளிநாட்டு மின்னணு நிறுவனங்கள் வந்தன. நிலத்தை ஒதுக்கிப் பண்படுத்தியது மாநிலக் கழகம். தீர்வை விலக்குக்கு வழி செய்தது 1971இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். தீவு முழுவதற்கும் இருந்த பழைய சலுகை திரும்பவில்லை; வேலி போட்ட ஒரு வட்டாரத்திற்குள் அது வேறு உருவில் வந்தது. மாநிலமும் மத்தியும் ஆளுக்கொரு கை கொடுத்ததால்தான் அது நடந்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்களின் பெண் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். பாலம் 1985இல் திறக்கும் வரை, அக்கரையில் இருந்தவர்கள் படகேறித்தான் தீவுக்குப் போக வேண்டும். பால் வாளியைத் தவிர வேறு வழி அறியாத வீடுகளுக்கு மாதச் சம்பளம் வரத் தொடங்கியது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மத்திய அரசோடு ஒத்துப் போனால்தான் காரியம் நடக்கும் என்று கண்ட கெராக்கான், 1972 பிப்ரவரியில் கூட்டணியோடு கைகோத்தது. பின்னர் 1974இல் உருவான தேசிய முன்னணியில் சேர்ந்தது. தொடக்கத் தலைவர்கள் சிலர் அதற்கு முன்பே கட்சியை விட்டு விலகியிருந்தனர். எதிர்க்கட்சி என்று எண்ணி வாக்களித்தவர் தம் வாக்கு ஆளும் அணியில் போய் அமர்ந்ததைக் கண்டார். அது சரியா தவறா என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு மாநில அரசு எவ்வளவு தூரம் தனித்து நடக்க முடியும் என்பதை அது காட்டியது என்பதில் ஐயமில்லை.

ஊராட்சித் தேர்தல் என்னும் வாக்குறுதியோ நிறைவேறவில்லை. இதை ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவரது குழு பரிந்துரைத்தது. எனினும் 1976இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊராட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநிறுத்தியது. நெடுங்காலம் கழித்து, 2008இல் ஆட்சி மாறிய பினாங்கில், 2012ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் நடத்த மாநிலச் சட்டமன்றமே ஒரு சட்டம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. மத்திய சட்டத்திற்கு மாறாக மாநிலம் அவ்வாறு செய்ய இயலாது என்று 2014 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருந்தும், பூட்டு ஓரிடத்திலும் சாவி வேறிடத்திலுமாகப் போய்விட்டது. வாக்குறுதி தந்தவர் மனமறிந்து பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. சட்டம் செய்து பார்த்தார்கள், அதிகாரம் போதவில்லை.

நிலத்தின் கதையை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் நிற்கின்றன. 2014இல் திறந்த இரண்டாம் பாலம் அங்குதான் இறங்குகிறது. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தோட்டம் மாறும்போது தோட்டத்து மக்களுக்கு வீடு எங்கே, பள்ளி எங்கே, கோயில் எங்கே என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. பொதுத் தேர்தலுக்கு முன்பே, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய மக்கள் ஒருமுறை வாக்களிக்கிறார்கள். ஒரே கட்சிக்காரர்கள் சிலர் எதிரெதிரே நின்று, தத்தம் கொள்கையை விளக்குவார்கள். நம் நாட்டில் அப்படி இல்லை. வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க நமக்குக் கிடைப்பது பிரசாரக் காலமாகிய சில நாட்கள் மட்டுமே. அந்த நாட்களை வீணாக்கலாகாது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? ஒரு தாளை எடுத்து, நம் குடும்பத்தின் முதல் மூன்று தேவைகளை எழுதுவோம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது மாநிலத்தின் வேலையா, மத்தியின் வேலையா, இரண்டின் வேலையா என்று குறிப்போம். பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் அதைப் பற்றிச் சொன்னதை எழுதுவோம். மாநில வேட்பாளர் மத்தியின் வேலையைச் செய்வதாகச் சொன்னால், எப்படிச் செய்வீர்கள் என்று கேட்போம். தம் கையில் உள்ள நிலத்தைப் பற்றி வாய் திறக்காதவரிடம், அதைப் பற்றியும் கேட்போம். கடைசியாக, இவர் கட்சி வென்றால் யாரோடு சேரும் என்றும் கேட்போம்.

பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்வது நல்லது. முன்பு 21 வயதானால்தான் வாக்கு. பெயரையும் நாமே போய்ப் பதிய வேண்டும். 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வாக்குச் சீட்டும் அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் 40 இடங்களுக்கு நடந்த பினாங்குச் சட்டமன்றத் தேர்தலில் அத்தகைய இளையோரும் வாக்களித்தனர்.

1969இல் சிவப்புக் கார்டோடு வரிசைக்கு வெளியே நின்றவர்களை நினைத்துக்கொள்வோம். அவர்களுக்கு வேட்பாளரை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது. வாளியின் எடையைக் கண்டு கிராணி ஏமாறுவதில்லை; நாமும் ஏமாறாதிருப்போம்.